பழுப்புக் காகிதத்தில் சுற்றிய அட்டை

கார்த்தி,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நேற்று இரண்டு முறை உன் நம்பரை எடுத்தும் கூப்பிடாமல் வைத்துவிட்டேன். போனில் பேசினால் நான் வழக்கம்போல என் பக்க நியாயத்திலிருந்து ஆரம்பிப்பேன், நீ "சரிப்பா, வேலையில இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கோபம் வந்து கிழித்தாலும் கிழிப்பதற்கு முன் கடைசி வரி வரை படித்துவிடு. உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

போன வாரம் நீ வீட்டுக்கு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "தாய்மாமன் பேரு போட வேண்டாம்ப்பா. பட்டம் கட்டறது, மாலை எடுத்துக் குடுக்கறது எல்லாம் நீங்களே பாத்துக்கங்க" என்று சொன்னாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவின் கை நின்றது. "என் தம்பி இல்லாம என் பையனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். உன்னிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை, அந்த அவரைக்காயிடம் கேட்டாள். நான் "அவன் இஷ்டம், நாம என்ன சொல்றது" என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷமாக நான் நிற்க நினைத்த இடத்திலிருந்து உன் மாமா முருகேசனை நீயே நகர்த்திவிட்டு, அங்கே என்னைக் கூப்பிடுகிறாய். அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மாமாமேல் எனக்கு இருப்பதற்குப் பெயர் பொறாமை. வேறு மரியாதையான சொல் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். நான் எம்.காம். படித்தவன். சாமல்பட்டியிலிருந்து ரயிலேறிப் போய்ப் படித்து, ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அங்கே எனக்கு வர வேண்டிய மேல் நாற்காலியில் வெளியூரிலிருந்து வந்த, என் வயதில் பாதிகூட இல்லாத ஒருவனை உட்கார வைத்தார்கள். அவனுக்குப் பெட்டி கட்டத் தெரியாது, கட்டிய பெட்டியைப் படம் பிடித்து மேலே அனுப்பத் தெரியும். அந்த ஆத்திரத்தோடு நான் வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் மாமாவின் செருப்பு கிடக்கும். உள்ளே உன் சிரிப்புச் சத்தம் கேட்கும். எட்டாம் வகுப்போடு நின்றவன், பாகலூர் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் கூரியர் கவுண்டரும் வைத்திருப்பவன், வருகிறவர்களிடம் கன்னடத்தில் பாதி தெலுங்கில் பாதி பேசிச் சிரிப்பவன். அவன் சொல்லும் மொக்கை ஜோக்குக்கு நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நான் உள்ளே வந்ததும் இருவரும் அடங்கிவிடுவீர்கள். அந்த அடக்கம்தான் என்னை அறுத்தது. மரியாதைக்காக அடங்கினீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது கணக்கில் குறைந்த மார்க் வாங்கினாய். அன்றைக்கு நான் நீ சேர்த்து வைத்திருந்த, வீரர்கள் படம் போட்ட கிரிக்கெட் அட்டைகளை, ஷூ டப்பா நிறைய, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். நீ அழவில்லை, மாமாவுக்குப் போன் செய்தாய். அவன் கடையைப் பூட்டிவிட்டு அந்தக் குடோனுக்குப் போய், மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடி, இரண்டு அட்டை தவிர மற்றதெல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். தலை முழுக்கத் தூசி. "மச்சான், பையன் படிப்பான், நீங்க கவலப்படாதீங்க. இத மட்டும் அவங்கிட்ட விட்ருங்க" என்று சொன்னான். நான் உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அந்த டப்பாவிலிருந்துதான் உன் தொழில் பிறந்தது. அதனால் உன் தொழில் எவ்வளவு வளர்ந்ததோ, அவ்வளவு என் கண்ணில் உறுத்தியது.

நீ ஆன்லைனில் அட்டை விற்க ஆரம்பித்த நாட்களை நினைத்துப்பார். நம் வீட்டு முன்னறை மேஜைதான் உன் ஆபீஸ். அட்டையை எப்படி அனுப்புவது என்று நீ என்னைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். இந்த ஊரில் அனுப்புவதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் யார்? இங்கிருந்து லாரியில் ஏறி, கப்பலில் ஏறி, வேறு நாட்டில் இறங்கும் பாகங்களில் ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான். நீ மாமாவைக் கேட்டாய். அவன் கட்டிய கவரை மேஜைமேல் ஏறி நின்று கீழே போட்டுப் பார்த்தான். பக்கெட் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தான். "வளைக்காதீர்கள்" என்று சிவப்பில் நீ எழுதியதைப் பார்த்து, "எழுதுனா யாரு மாப்ள படிக்கறாங்க? வளைக்கவே முடியாத மாதிரி கட்டு, எழுதவே வேண்டியதில்ல" என்றான். அட்டையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் கெட்டியான இன்னொரு உறைக்குள் நழுவவிட்டு, வாயில் ஒட்டும் டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்துவிட்டான். வாங்குகிறவன் நகத்தால் பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும், கத்தி எடுக்கவே கூடாது என்றான். மேலும் கீழும் அட்டைப்பெட்டித் துண்டு, அதற்கு மேல் குமிழ் வைத்த கவர். விலை குறைந்ததைச் சாதாரணத் தபாலில் அனுப்பலாம், ஆனால் அதைப் பணம் வாங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். நல்ல அட்டையென்றால் நம்பர் போட்டுத் தேடக்கூடிய ஸ்பீட் போஸ்ட், அந்த நம்பர் அவன் கேட்பதற்கு முன்னால் அவன் போனில் இருக்க வேண்டும். மூன்று நாளில் வரும் என்று தோன்றினால் ஐந்து நாள் என்று சொல் என்றான். "வாங்கறவன் அட்டையை மட்டுமா வாங்கறான் மாப்ள? அஞ்சு நாளு வாசலப் பாத்துக்கிட்டே இருக்கறானே, அதையும் சேத்துத்தான் காசு குடுக்கறான்."

நான் உள்ளறையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் தப்பில்லை. ஒரு வார்த்தை தப்பாக இருந்திருந்தால் வெளியே வந்து திருத்தியிருப்பேன். அதுகூட அவன் எனக்குத் தரவில்லை.

ஒரே ஒரு முறை நீ என்னிடம் வந்தாய். "அப்பா, உங்க கம்பெனிப் பெட்டிக்குள்ள பொருளோட வேற என்ன வெப்பீங்க?" என்று கேட்டாய். கட்டியவன் சீட்டு என்றேன். எங்கள் டிஸ்பாட்சில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டியவன் தன் கையால் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கும். அது இல்லாத பெட்டி கேட்டைத் தாண்டாது. செக்யூரிட்டி அதைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டியவனிடமே திருப்பிக் கொண்டுவருவார். அவன் எல்லார் முன்னாலும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ஏறும். உனக்கு அது பிடித்துப்போனது. மறுநாளே "கட்டியவர்" என்று சின்னச் சீட்டு அடித்து வைத்தாய். உன் தொழிலில் என்னுடையது என்று இருந்தது அந்த ஒரு சீட்டுதான். அதிலும் பெரும்பாலும் உன் மாமாதான் கையெழுத்துப் போட்டான். "மு" என்று எழுதி, கீழே ஒரு கோடு.

இப்போது ஐப்பசி மழைக்கு வருகிறேன். நீ கல்யாணப் பேச்சுக்கு ரூபாவின் வீட்டாரைப் பார்க்க மைசூருக்குப் போயிருந்தாய். மாமா அஞ்செட்டிப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போய், பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். நீ எனக்குப் போன் செய்தாய். "மேஜை மேல ஒரு கவர் இருக்குதுப்பா. குவாஹாத்திக்குப் போவணும். காலைல ஸ்பீட் போஸ்ட்ல போட்ருங்க. தெறக்காதீங்க, மாமா கட்டிட்டாரு." உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஒரு வேகப்பந்து வீச்சாளரின் அட்டை, அவர் தன் கையாலேயே நீல மையில் கையெழுத்துப் போட்டது. அதைப்போல் இன்னொன்று உனக்குக் கிடைக்காது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம், இத்தனை ஈரம், அந்தக் குமிழ் கவர் போதுமா என்று நினைத்தேன். அது சாக்கு. "தெறக்காதீங்க, மாமா கட்டிட்டாரு" என்று நீ சொன்னதுதான் காரணம். ஆபீஸ் கிளம்புமுன் மேஜை முன்னால் உட்கார்ந்து அந்தக் கவரைப் பிரித்தேன்.

எங்கள் கம்பெனியில் துரு பிடிக்காமலிருக்க இரும்புப் பாகங்களைப் பழுப்பு நிறத்தில் ஒரு காகிதத்தில் சுற்றுவோம். லேசாக எண்ணெய்ப் பசை இருக்கும். கம்பெனியில் மிஞ்சியதில் கொஞ்சமும், பெட்டி கட்டும் பட்டையும் கருவியும் என் அலமாரியில் இருந்தன. அந்தக் காகிதம் பொருளை நேராகத் தொட வேண்டும், நடுவில் பிளாஸ்டிக் இருந்தால் பயனில்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அதே கைப்பழக்கத்தில் உன் அட்டையை இரண்டு உறையிலிருந்தும் உருவினேன். அந்தக் காகிதத்தில் இறுக்கமாகச் சுற்றினேன். இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் வைத்து, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு, கருவியால் இழுத்து முறுக்கினேன். தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பத்து வருஷத்தில் நான் அவ்வளவு திருப்தியாக ஒரு வேலை செய்ததில்லை. இரும்புக்குச் செய்வதைக் காகித அட்டைக்குச் செய்கிறேன் என்று எம்.காம். படித்த மூளைக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

சீட்டு மேஜைமேல் கிடந்தது. "மு", கீழே ஒரு கோடு. என் சட்டைப் பையில் பேனா இருந்தது. பிரித்துக் கட்டியது நான், கையெழுத்துப் போட வேண்டியது நான். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களைத் திட்டித் திட்டிப் போடவைத்த கையெழுத்து. நான் பேனாவை எடுக்கவில்லை. அவன் சீட்டையே உள்ளே வைத்து மூடினேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து அந்த ஆள் புகழ்ந்தால், கட்டியது நான்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏதாவது ஆனால் அவன் பெயர் இருக்கிறது. இரண்டாவதாகச் சொன்னேனே, அதுவும் அப்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கார்த்தி, இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருந்த வரி இதுதான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த பக்கம் உனக்குத் தெரியாது. குவாஹாத்திக்காரர் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பினார். நீ, மாமா, நான் மூவரும் முன்னறையில் உன் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். அந்தப் பட்டையை வெட்ட அவர் சமையலறைக் கத்தியைத் தேடி எடுத்துவந்தார். காகிதத்தைப் பிரித்தார். அட்டையின் இரண்டு ஓரத்திலும் பட்டை அழுத்திய பள்ளம். நடுவில் எண்ணெய் ஊறி, அந்த நீலக் கையெழுத்து ஈரத்தில் கலைந்த கோலம்போல் பரவிக் கிடந்தது. அந்த மனிதர் திட்டவில்லை. சீட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து, இதைக் கட்டியது யார் என்று மட்டும் கேட்டார்.

உன் மாமா அந்தப் படத்தைப் பார்த்தான். பட்டையைப் பார்த்தான். அவன் கடையில் அந்த முறுக்கும் கருவி கிடையாது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. நீ போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்தப் பேப்பர் ஏது மாமா?" என்று கேட்டாய்.

"கடையில கெடந்துச்சு மாப்ள. மழைக்கு நல்லதுன்னு சுத்திட்டேன்" என்றான். ஓசூரில் பாதிக் கடைகளில் அந்தக் காகிதம் கிடக்கும், நீ நம்பிவிட்டாய்.

"உறைய எதுக்குக் கழட்டுனீங்க? நீங்கதான மாமா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"என் தப்புதான் மாப்ள."

அப்போது நீ சொன்னாய், "எட்டாங்கிளாஸ் ஆள நம்புனேன் பாரு, என்னச் சொல்லணும்."

அந்த வாக்கியம் என்னுடையது. நீ சிறுவனாக இருந்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டு முன்னால், தொலைக்காட்சி முன்னால், உன் அம்மா முகத்துக்கு நேரே நான் சொல்லிச் சொல்லி உனக்குள் போட்டு வைத்தது. என் வாக்கியம் உன் வாயிலிருந்து வந்து அவனைத் தாக்குவதை நின்று பார்த்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போகிறவனிடம் அதையும் எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆனால் நான் எதிர்பார்த்தேன், கோபம்கூட வந்தது. அங்கேயும் அவன்தான் ஜெயித்தான். பெருந்தன்மை என்று ஒன்று உலகத்தில் மிச்சம் இருந்தால், அதையும் எனக்கு முன்னால் போய் அவன் எடுத்துக்கொள்கிறான். இந்த நாலு மாதத்தில் அவன் ஒரு வார்த்தை, உன் அம்மாவிடம்கூட, மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

அட்டை சேகரிக்கிறவர்கள் கூடும் குரூப்பில் அந்த வீடியோ சுற்றியது. ஆர்டர் நின்றது. நீ மேஜையைக் காலி செய்துவிட்டு அத்திப்பள்ளியில் யாரோ ஒருவருடைய கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். இனி அட்டை தொடமாட்டேன் என்றாய். நான் "நிலையான சம்பளம், நல்லதுதான்" என்றேன். மாமாவின் செருப்பு வாசலில் இல்லை. நான் கேட்டது எல்லாம் கிடைத்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் மட்டும் இல்லை. நீ என்னோடு உட்கார்ந்து பேசுவாய் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை வந்து, துணியைத் துவைக்கப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுகிறாய். அவன் போனால் அந்த இடம் எனக்கு வரும் என்று கணக்குப் போட்டவன் நான். இடமே போய்விட்டது.

கல்யாணத்துக்கு முன் அப்பா மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி எல்லாம் உன் மாமா அந்த மேஜையில் சொன்னதுதான், என்ன செய்வது. அட்டையின் மூலை தேய்ந்து வெள்ளை தெரிந்தால் அந்த மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்துப் போடச் சொன்னான் இல்லையா? "கொறைய நீயே காட்டிட்டா வாங்கறவன் திட்ட மாட்டான். அவனாக் கண்டுபிடிச்சாத்தான் திட்டுவான்" என்றானே. ரூபாவிடமும் அப்படியே இரு. உனக்குள் என் கோபம் இருக்கிறது, என் வாக்கியங்கள் இருக்கின்றன. அவளாகக் கண்டுபிடிக்கும்வரை விடாதே. நான் உன் அம்மாவுக்கு இருபத்தெட்டு வருஷமாக நல்ல பக்கத்தை மட்டுமே படம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் எப்போதோ திருப்பிப் பார்த்துவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது.

குவாஹாத்திக்காரருக்கும் எழுது. கட்டியது யார் என்று அவர் கேட்டதற்குத் தப்பான பதில் போயிருக்கிறது. சரியான பெயரைச் சொல். என் பெயரைச் சொல்.

பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் முருகேசன் பெயர் வர வேண்டும். உன் நெற்றியில் பட்டம் அவன்தான் கட்ட வேண்டும். இதை நான் மனம் நிறைந்து எழுதவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். அவன் கட்டும்போது நீ அவனைப் பார்த்துச் சிரிப்பாய். நான் பந்தலில் எங்கோ ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பேன். அப்போதும் எரியும். எரியட்டும்.

காலையில் இதைத் தபாலாபீஸுக்கு நானே கொண்டுபோகிறேன். அவன் கவுண்டர்தான் வீட்டுக்குப் பக்கம், ஆனால் அவன் கையில் கொடுத்து நம்பர் வாங்கும் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை. ஸ்பீட் போஸ்ட்தான். நம்பரை நீ கேட்பதற்கு முன்னால் உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். உறையின் வாயை ஒட்டும்போது டேப்பின் நுனியை மடித்துவிடுவேன்.

கீழே என் கையெழுத்து இருக்காது. பேனா கையில்தான் இருக்கிறது, மறக்கவில்லை. எங்கள் கேட்டில் நடப்பது உனக்குத் தெரியும். கையெழுத்து இல்லாமல் வந்ததைக் கட்டியவனிடமே திருப்பிக் கொண்டுவருவார்கள். நீயும் கொண்டுவா. வரும் வழியில் பாகலூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி அவனையும் ஏற்றிக்கொள். அந்த மேஜைமேல் இதை வை. உன் அம்மாவும் இருக்கட்டும். நான் நின்றுகொண்டே போடுகிறேன்.